காட்டுத்தீக்கு யார் பொறுப்பு? கலிபோர்னியா சட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்டடீனாவும் பசிபிக் பாலிசேட்ஸும் எரிந்த பிறகு, கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வாட்சாப் குழுவில் பதில் போட்டால் நாலு நாளில் மேலே போய் மறைந்துவிடுகிறது. அடுத்த வாரம் வேறொருவர் அதையே கேட்கிறார். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசின மாதிரியே விட்டிருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள இந்தப் பக்கம் போதும். வழக்கு போடும் நிலையில் இருப்பவர்கள் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

காட்டுத்தீ இயற்கையா வர்றதுதானே? இதுல "பொறுப்பு"ன்னு எங்க வருது?

எல்லாத் தீயும் இயற்கையாக வருவதில்லை. 2020 ஆகஸ்ட்டில் வறண்ட இடிமின்னலால் மூண்டு 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த 'ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ்' தீக்கு யார் மேலும் வழக்கு போட முடியாது. ஆனால் கலிபோர்னியாவில் மூளும் தீயில் பெரும்பகுதி மனிதர்களால் வருவது. குப்பை எரிப்பு, வண்டிப் பொறி, புல்வெட்டும் இயந்திரம், வேண்டுமென்றே வைப்பது, அப்புறம் மின்கம்பி.

மின்கம்பியால் வரும் தீ எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஊர்களை அழித்த பெருந்தீக்களின் பட்டியலை எடுத்தால் அதன் பெயர் அடிக்கடி வரும். காரணம் எளிது. கம்பியை அறுக்கும் அளவுக்குக் காற்று வீசுகிற நாளில்தான் மின்கம்பித் தீ மூளுகிறது. அதே காற்றுதான் அந்தத் தீயை மணிக்கணக்கில் மைல் கணக்காகத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் இந்த மாநிலத்தின் பொறுப்புச் சட்டங்கள் மின் கம்பெனிகளைச் சுற்றியே வளர்ந்திருக்கின்றன.

கம்பெனி தப்பு செஞ்சதுன்னு நான் நிரூபிக்கணுமா?

சொத்து நஷ்டத்துக்கு, தேவையில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவைத் தனியாகக் காட்டுவது இதுதான். மாநில அரசமைப்பின் முதல் அதிகாரம் 19-ஆம் பிரிவின்படி, பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தை எடுத்தாலோ சேதப்படுத்தினாலோ ஈடு தர வேண்டும். இதன் அடிப்படையில் போடும் வழக்குக்கு 'இன்வர்ஸ் கண்டெம்னேஷன்' என்று பெயர். முதலில் இது அரசு அமைப்புகள் மேல் மட்டும்தான் இருந்தது. தனியார் மின் கம்பெனிகளும் பொதுச்சேவைதான் செய்கின்றன, நிலம் எடுக்கும் அதிகாரமும் அவற்றுக்கு உண்டு என்று சொல்லி, 1999-இல் பார்ஹாம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றையும் இதற்குள் கொண்டுவந்தது.

ஆகவே, கம்பெனியின் கம்பியோ கம்பமோ தீக்குக் கணிசமான காரணம் என்று காட்டினால் போதும். பராமரிப்பில் அலட்சியம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. ஆனால் இது சொத்துக்கு மட்டும். உயிரிழப்பு, காயம், மனவேதனை இவற்றுக்கு ஈடு கேட்டால் அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும்.

அப்போ கம்பெனி கட்டுற நஷ்டஈட்டை நம்ம கரண்ட் பில்லுலதானே போடுவாங்க?

மொத்தச் சண்டையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு சிலர் வீட்டை இழந்த நஷ்டத்தை, மின்சாரத்தால் பயன்பெறும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் மேலே சொன்ன கொள்கையின் நியாயம். அரசு அமைப்பென்றால் வரியில் ஏற்றிக்கொள்ளலாம். தனியார் கம்பெனி பில்லில் ஏற்றுவதற்கு மாநிலப் பொதுச்சேவை ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஆணையம் பார்ப்பது வேறொரு அளவுகோல்: கம்பெனி விவேகமாக நடந்துகொண்டதா இல்லையா?

2007-இல் சான் டியாகோ பக்கம் எரிந்த விட்ச் உள்ளிட்ட தீக்களில் இந்த இரண்டும் மோதின. சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் ஈடு கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த 379 மில்லியன் டாலரைப் பில்லில் ஏற்றக் கேட்டது. நீ விவேகமாக நடக்கவில்லை, பங்குதாரர்களே கட்டட்டும் என்று 2017-இல் ஆணையம் மறுத்துவிட்டது. நீதிமன்றங்களும் அதை மாற்றவில்லை. எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. ஆனால் அதோடு முதலீட்டாளர்கள் மிரண்டார்கள்: நீதிமன்றத்தில் தப்பே செய்யாமல் பொறுப்பு, ஆணையத்தில் தப்பு செய்தாய் என்று மறுப்பு. அடுத்து வந்த சட்டங்களெல்லாம் இந்த மிரட்சிக்கு மருந்து தேடியவைதான்.

பாரடைஸ் ஊரே எரிஞ்சதே, யாராவது ஜெயிலுக்குப் போனாங்களா?

இல்லை. 2018 நவம்பர் 8 காலையில், பிஜி அண்ட் இ கம்பெனியின் கரிபூ-பலெர்மோ உயரழுத்தக் கம்பியைத் தாங்கிய ஒரு டவரில் இருந்து தீ தொடங்கியது. டவரின் கையில் இருந்து இன்சுலேட்டரைத் தொங்கவிட 'சி' எழுத்து வடிவில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். கிட்டத்தட்ட நூறு வருடமாகக் காற்றில் ஆடி ஆடி, துளையின் விளிம்பில் உரசி, அந்தக் கொக்கியின் வளைவு தேய்ந்துகொண்டே வந்திருந்தது. அன்று அறுந்தது. கம்பி டவரில் பட, பொறி பறந்து, உருகிய உலோகம் கீழே காய்ந்த புல்லில் விழுந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் தேய்மானம் அது.

2020 ஜூனில் கம்பெனி நீதிமன்றத்தில் 84 பேர் சாவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது. தண்டனை சுமார் 3.5 மில்லியன் டாலர் அபராதம். அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டுப் போயிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கென 13.5 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள், ஆனால் அதில் பாதி அதே கம்பெனியின் பங்குகள். வீட்டை எரித்த கம்பெனியின் பங்கு விலை ஏறினால்தான் தனக்கு ஈடு கிடைக்கும் என்ற நிலைக்கு அந்த மக்களைத் தள்ளியது பெரிய அநீதி. நிர்ணயித்த தொகை முழுசாக அவர்களுக்கு வந்து சேரவும் இல்லை.

எஸ்பி 901, ஏபி 1054னு நம்பர் நம்பரா சொல்றாங்களே, எது எதுக்கு?

'எஸ்பி' என்றால் செனட்டில் தொடங்கிய மசோதா, 'ஏபி' என்றால் சட்டமன்றத்தில் தொடங்கியது. எஸ்பி 901, 2018 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டது. மின் கம்பெனிகள் காட்டுத்தீத் தடுப்புத் திட்டம் போட்டு அரசிடம் தர வேண்டும் என்றது. காடு பராமரிப்புக்கு 5 வருடத்தில் ஒரு பில்லியன் டாலர் ஒதுக்கியது. 2017 தீக்களுக்கான செலவில் கம்பெனியால் தாங்க முடியாததைக் கடன்பத்திரம் வழியாகப் பில்லில் ஏற்ற வழி செய்தது. 2019 முதல் வரும் தீக்களுக்குப் புதிய அளவுகோல் வைத்தது. இடையில் 2018 விடுபட்டுப்போனது. கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் பாரடைஸ் எரிந்தது.

ஏபி 1054, 2019 ஜூலை 12-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டது. இன்று மின்கம்பித் தீயைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தச் சட்டத்தில் வந்துதான் நிற்கும். அடுத்த மூன்று கேள்விகளும் இதைப் பற்றியவைதான்.

அந்த 21 பில்லியன் டாலர் ஃபண்ட் யார் பணம்? எரிஞ்சவங்களுக்கு நேரா அங்க இருந்து வருமா?

பாதி உங்கள் பணம். பிஜி அண்ட் இ, எடிசன், சான் டியாகோ கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற மூன்று மின் கம்பெனிகளின் பங்குதாரர்களும் 10.5 பில்லியன், வாடிக்கையாளர்கள் 10.5 பில்லியன். உங்கள் மின் பில்லின் விவரப் பக்கத்தில் 'வைல்ட்ஃபயர் ஃபண்ட்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அரை சென்ட்டுக்குச் சற்று மேல். முன்பு 2001 மின்சார நெருக்கடிக் கடனுக்காக வாங்கிய கட்டணம் முடிகிற நேரத்தில், அதையே 2035 வரை நீட்டி இதற்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் பலருக்கும் புதிதாக ஒன்று ஏறியதே தெரியவில்லை.

பாதிக்கப்பட்டவர் ஃபண்டிடம் நேராகப் போக முடியாது. கம்பெனி மேல்தான் கோர வேண்டும். முதல் ஒரு பில்லியனைக் கம்பெனி தன் காப்பீட்டில் இருந்து தர வேண்டும். அதற்கு மேல் போனதை ஃபண்ட் கம்பெனிக்குத் தரும். நிர்வகிப்பது கலிபோர்னியா நிலநடுக்க ஆணையம். சட்டம் வந்த தேதிக்குப் பிறகு, கம்பெனியின் கம்பியால் மூண்டது என்று விசாரணை அமைப்பு சொல்லும் தீக்கு மட்டும்தான் இது. 2021-இல் 9.6 லட்சம் ஏக்கர் எரிந்த டிக்ஸி தீ அப்படி இதற்குள் வந்தது. பிஜி அண்ட் இ கம்பியில் ஒரு மரம் சாய்ந்து மூண்ட தீ அது.

"பாதுகாப்புச் சான்றிதழ்" வாங்கிட்டா கம்பெனி தப்பிச்சுக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டியதில் இருந்து தப்ப முடியாது. இன்வர்ஸ் கண்டெம்னேஷனை ஏபி 1054 தொடவே இல்லை. மாறியது அதற்கு அடுத்த கட்டம்: ஃபண்ட் கொடுத்த பணத்தைக் கம்பெனி திருப்பிக் கட்ட வேண்டுமா, வேண்டாமா? பழைய முறையில் தான் விவேகமாக நடந்ததைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். இப்போது மாநில அரசு தரும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாக இருந்தால், கம்பெனி சரியாக நடந்ததாகவே பொதுச்சேவை ஆணையம் எடுத்துக்கொள்ளும். அதில் பலத்த சந்தேகத்தை எழுப்ப வேண்டியது எதிர்த்தரப்பின் வேலை. அப்படியே தப்பு என்று முடிவானாலும், திருப்பிக் கட்டுவதற்கு உச்சவரம்பு உண்டு: மின் கடத்தல், விநியோகச் சொத்துகளில் பங்குதாரர் முதலீட்டின் 20 சதவீதம், மூன்று வருடத்துக்குச் சேர்த்து. சான்றிதழ் இல்லாவிட்டாலோ, தெரிந்தே ஆபத்தை உதாசீனம் செய்திருந்தாலோ மட்டும் அந்த வரம்பு போய்விடும்.

சான்றிதழுக்கு என்ன தேவை என்று பாருங்கள். ஒப்புதல் பெற்ற தடுப்புத் திட்டம், இயக்குநர் குழுவில் பாதுகாப்புக் குழு, மேலதிகாரிகள் சம்பளத்தைப் பாதுகாப்போடு இணைப்பது, இப்படிச் சில. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரிக்கக்கூடிய காகிதம். ஒரு குறிப்பிட்ட டவரில் ஒரு குறிப்பிட்ட கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று அந்தக் காகிதம் சொல்லாது. சான்றிதழைப் பாதுகாப்புக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தச் சட்டத்தின் பலவீனம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நல்லதும் இருக்கிறது. மூன்று கம்பெனிகளும் 5 பில்லியன் டாலரைப் பாதுகாப்பு வேலைக்குச் செலவிட வேண்டும், அதன் மேல் பங்குதாரர் லாபம் எடுக்கக் கூடாது என்று இதே சட்டம் கட்டளை போட்டது. கம்பிக்கு உறை போடுவது, வானிலை நிலையம், கேமரா, மரம் கழிப்பது எல்லாம் 2019-க்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடியிருக்கின்றன.

ஈட்டன் தீக்கு அந்த ஃபண்ட் பத்துமா?

பத்தாமல் போகலாம் என்ற பயத்தில்தான் புதுச் சட்டமே வந்தது. 2025 ஜனவரி 7-இல் மூண்ட ஈட்டன் தீயில் ஆல்டடீனாவில் 19 பேர் இறந்தார்கள், 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 1970-களின் தொடக்கத்திலிருந்தே பயன்பாட்டில் இல்லாமல் விட்டிருந்த எடிசனின் பழைய கம்பி ஒன்றில், பக்கத்துக் கம்பிகளின் தாக்கத்தால் மின்சாரம் பாய்ந்து பொறி பறந்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் முன்னால் நிற்கிறது. செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை எடிசன் மேல் வழக்கு போட்டது. தீ மூண்டபோது எடிசனிடம் முந்தைய பதிலில் சொன்ன சான்றிதழ் இருந்தது. அதனால் அந்தப் பதிலில் உள்ள வரம்பு, அனுமானம் எல்லாவற்றுக்கும் இதுதான் பெரிய பரீட்சை.

2025 செப்டம்பரில் கையெழுத்தான எஸ்பி 254, இன்னொரு 18 பில்லியன் டாலரைச் சேர்க்கிறது. மறுபடியும் பாதி பங்குதாரர், பாதி வாடிக்கையாளர். பில்லில் இருக்கும் அந்த வரி 2045 வரை தொடரும். லாபம் எடுக்காமல் செய்ய வேண்டிய பாதுகாப்பு முதலீடு இன்னொரு 6 பில்லியன்.

கம்பெனியே நேரா பணம் தரேன்னு சொல்லுது. கையெழுத்து போடலாமா?

எடிசன் 2025 கடைசியில் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. வேகமாகப் பணம் கிடைக்கும், வக்கீலுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் வாங்கிக்கொண்டால் வழக்கு போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பின்னால் மண்ணில் ஈயம் இருக்கிறது, கட்டுமானச் செலவு ஏறிவிட்டது என்று திரும்பிப் போக முடியாது. வயதானவர்களுக்கு, கையில் பணமே இல்லாதவர்களுக்கு இது நியாயமான வழியாக இருக்கலாம். கையெழுத்துக்கு முன்னால், கம்பெனி செலவில் இல்லாமல் உங்கள் செலவில் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிட்டேன். அப்புறமும் கம்பெனி மேல கேஸ் போடலாமா?

போடலாம், காப்பீடு தராத பகுதிக்கு. காப்பீட்டுக் கம்பெனி உங்களுக்குக் கொடுத்த தொகையை அது தன் பங்குக்கு மின் கம்பெனியிடம் கோரும். ஒரே ஃபண்டில் இருந்து இரண்டு பேரும் எடுப்பதால், காப்பீட்டுக் கம்பெனிகள் கேட்கும் தொகையில் 40 சதவீதம் வரை சமரசம் என்பதை ஏபி 1054 அளவாக வைத்தது. பெரும்பாலான வீடுகள் திரும்பக் கட்ட ஆகும் செலவைவிடக் குறைவாகவே காப்பீடு செய்யப்பட்டிருக்கின்றன. அந்த வித்தியாசம்தான் நீங்கள் கோர வேண்டியது.

பாலிசேட்ஸ் தீக்கும் இதே ஃபண்டா?

இல்லை. அங்கே மின்சாரமும் தண்ணீரும் தருவது லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சித் துறை. நகராட்சி அமைப்புகள் இந்த ஃபண்டில் இல்லை. தீ மூண்டதற்கும் மின்கம்பி காரணம் என்று அரசு விசாரணையில் சொல்லப்படவில்லை. ஜனவரி 1-இல் ஒருவர் வைத்ததாகக் குற்றம்சாட்டப்படும் சிறு தீ மண்ணுக்குள் கனன்று, 7-ஆம் தேதிக் காற்றில் மறுபடி மூண்டது என்பது அரசுத் தரப்பு வாதம். சாந்தா இனெஸ் நீர்த்தேக்கம் பழுதுபார்ப்புக்காகக் காலியாக இருந்ததை வைத்து நகராட்சி மேல் இன்வர்ஸ் கண்டெம்னேஷன் வழக்குகள் போட்டிருக்கிறார்கள். கம்பி தீ வைத்தது என்று காட்டுவதைவிட, தண்ணீர் இல்லாததால் வீடு எரிந்தது என்று காட்டுவது ரொம்பக் கடினம்.

காத்து அடிச்சா கரண்ட்டை நிறுத்துறாங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்ததெல்லாம் போச்சு. நஷ்டஈடு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 2019 இலையுதிர் காலத்து மின்நிறுத்தங்களுக்காக, கம்பியைச் சரியாகப் பராமரிக்காததால்தான் நிறுத்த வேண்டி வந்தது என்று பிஜி அண்ட் இ மேல் வாடிக்கையாளர்கள் வழக்கு போட்டார்கள். ஆணையம் அனுமதித்த மின்நிறுத்தத்தை இப்படி வழக்கில் கேள்வி கேட்பது ஆணையத்தின் அதிகாரத்தில் குறுக்கிடுவதாகும் என்று 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்கள் கம்பெனியின் மருத்துவப் பட்டியலில் பெயரைப் பதிந்துவையுங்கள். முன்கூட்டித் தகவல் தர வேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டு.

கம்பியெல்லாம் மண்ணுக்கடியில போட்டா முடிஞ்சுதே?

தீ ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் ஒரு மைலுக்கு 3 மில்லியன் டாலர் அளவில் செலவு. 2022-இன் எஸ்பி 884 இதற்குப் பத்து வருடத் திட்டம் போட வழி செய்தது. பிஜி அண்ட் இ 10,000 மைல் என்று இலக்கு வைத்தது, எடிசன் உறை போட்ட கம்பியையே அதிகம் நம்புகிறது. பாக்கியிருக்கும் பத்தாயிரக்கணக்கான மைலுக்கு உறையும் மரம் கழிப்பதும் கோளாறு வந்தால் மின்சாரத்தைச் சட்டென நிறுத்தும் ஸ்விட்சும்தான்.

நான் கவனக்குறைவா தீ வெச்சுட்டா என்ன ஆகும்?

மாநிலச் சுகாதார-பாதுகாப்புச் சட்டத்தின் 13007-ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ சட்டத்தை மீறியோ மூட்டிய தீ அடுத்தவர் சொத்தை எரித்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில். 13009-ஆம் பிரிவின்படி தீயணைப்புச் செலவையும் அரசு உங்களிடம் கேட்கலாம். ஹெலிகாப்டர் பறந்தால் அதன் கணக்கும் வரும். உங்கள் வீட்டுக் காப்பீட்டில் இந்தச் செலவு அடங்குமா என்று இன்றே கேட்டுவையுங்கள். ஒரு சின்ன ஆறுதல்: அலட்சியத்தால் பரவிய தீக்கு மூன்று மடங்கு ஈடு கேட்க முடியாது என்று 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஸ்கோல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

எல்லா விபத்தும் அலட்சியம் ஆகாது. 2018-இல் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த ராஞ்ச் தீ, ஒருவர் குளவிப் பொந்தை அடைக்க இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தபோது பறந்த பொறியில் வந்தது. அவர் மேல் வழக்கு வரவில்லை. 2020-இல் ஒரு குடும்பம் பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க, காய்ந்த புல்வெளியில் புகைக்குண்டு கொளுத்தியது. அந்தத் தீயில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார், அவர்கள் குற்றவழக்கைச் சந்தித்தார்கள். அந்த நாளில், அந்த இடத்தில், விவரமுள்ள ஒருவர் அதைச் செய்திருப்பாரா என்பதுதான் கேள்வி.

வீட்டைச் சுத்தி 100 அடி சுத்தம் பண்ணணும்னு சொல்றாங்க. எங்க வீடு ஊருக்குள்ள இருக்கே?

மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் நேரடிப் பகுதியில் இருந்தாலும், நகராட்சிக்குள் 'மிக அதிக ஆபத்து' என்று வரைபடத்தில் குறித்த இடத்தில் இருந்தாலும் இது உங்களுக்குப் பொருந்தும். 2025 பிப்ரவரி, மார்ச்சில் நகரப் பகுதிகளுக்குப் புது வரைபடம் வந்தது. முன்பு இல்லாத பல தெருக்கள் இப்போது அதில் இருக்கின்றன. முகவரியைப் போட்டுப் பாருங்கள். சுவரில் இருந்து 30 அடி வரை ஒரு விதி, 30 முதல் 100 அடி வரை கொஞ்சம் தளர்ந்த விதி. உங்கள் எல்லைக்கு வெளியே போய் வெட்டச் சட்டம் சொல்லவில்லை. மீறினால் முதல் அபராதம் 100 முதல் 500 டாலர்தான்.

முக்கியமானது சுவரை ஒட்டிய முதல் 5 அடி. 2020-இன் ஏபி 3074 இதைத் தனி மண்டலமாக்கியது. விதிகள் 2023 ஜனவரிக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பிறகு ஆளுநர் 2025 முடிவுக்குள் முடிக்கச் சொன்னார். பச்சைச் செடி இருக்கலாமா கூடாதா என்பதில் பெரிய சண்டை. விதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலான வீடுகள் தீச்சுவாலை நேரில் தொட்டு எரிவதில்லை. தீ முன்னணிக்கு வெகு முன்னால் காற்றில் பறந்து வரும் கங்குகள்தான் எரிக்கின்றன. அவை தேடுவது: கூரை விளிம்புக் கட்டரில் காய்ந்த இலை, வாசலில் தேங்காய்நார்க் கால்மிதி, சுவரோடு இணைத்த மரவேலி, ஜன்னலுக்குக் கீழே பட்டைத்தூள், பரண் காற்றுத்துளையில் பெரிய கண் வலை. வலையை எட்டில் ஒரு அங்குலக் கண் உள்ளதாக மாற்றுங்கள். வேலி சுவரைத் தொடும் கடைசிப் பலகையை எடுத்துவிட்டு இரும்பு போடுங்கள். கறிவேப்பிலைத் தொட்டியைச் சுவரில் இருந்து ஆறடி தள்ளி வையுங்கள், அங்கேயும் நன்றாக வளரும்.

வாடகைக்கு இருக்கேன். இது ஓனர் வேலைதானே?

இரண்டு பேர் வேலையும். நிலத்தை வைத்திருப்பவர், குத்தகைக்கு எடுத்தவர், நிர்வகிப்பவர் எல்லோரையும் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் தோட்டப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சாமான் எரிந்தால் வாடகைதாரராக நீங்களும் கம்பெனி மேல் கோரலாம். விசா என்ன என்பது இதற்குத் தடையே இல்லை. எச்1பி-யில் இருப்பவர்கள் பலர் பயந்து கோராமல் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

வீட்டை விக்கும்போது ஏதாவது காகிதம் தரணுமா?

ஆம். 2019-இன் ஏபி 38-இன்படி, அதிக அல்லது மிக அதிக ஆபத்து மண்டலத்தில் இருந்தால், சுற்றுவெளி சுத்தமாக இருப்பதற்கான ஆய்வுச் சான்றை வாங்குபவருக்குத் தர வேண்டும். முடியாவிட்டால், வாங்குபவர் பின்னால் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். 2010-க்கு முன் கட்டிய வீடென்றால் தீயில் பலவீனமான அம்சங்களையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செஞ்சும் இன்ஷூரன்ஸ்காரன் புதுப்பிக்க மாட்டேங்கிறான். சட்டம் ஒண்ணும் பண்ணாதா?

2018-இன் எஸ்பி 824, அவசரநிலை அறிவித்த தீயின் எல்லைக்குள்ளும் அதை ஒட்டிய அஞ்சல் குறியீடுகளிலும் உள்ள வீடுகளுக்கு, தீயைக் காரணம் காட்டி ஒரு வருடம் காப்பீட்டை நிறுத்தக் கூடாது என்கிறது. அதற்குப் பிறகு நிறுத்தலாம். 2022-இல் வந்த விதியின்படி, மேலே சொன்ன பாதுகாப்பு வேலைகளைச் செய்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தந்தாக வேண்டும். சலுகைதான் கட்டாயம், காப்பீடு தருவது கட்டாயம் இல்லை. தடுப்புச் சட்டங்களில் இதுதான் பெரிய ஓட்டை. செலவு செய்து வீட்டைப் பலப்படுத்தியவருக்குக் கதவு திறக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அடுத்த வீட்டுக்காரரும் செய்வார். எங்குமே கிடைக்காவிட்டால் கடைசி வழி, காப்பீட்டுக் கம்பெனிகள் கூட்டாக நடத்தும் ஃபேர் பிளான் திட்டம். அதில் தீ தவிர மற்றவற்றுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

காட்டுக்கு வேணும்னே தீ வைக்கிறாங்களாமே? அது கை மீறிப் போனா?

திட்டமிட்ட எரிப்புதான் பெருந்தீயைத் தடுக்க இருக்கும் மிகச் சிறந்த வழிகளில் ஒன்று. குளிர்ந்த, ஈரமான நாளில் அடிப்புதரை மட்டும் எரித்துவிட்டால் கோடையில் தீக்குத் தீனி இருக்காது. கரூக், யூரோக் போன்ற பழங்குடிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள், நூறு வருடத்துக்கு மேலாகச் சட்டம் அவர்களைத் தடுத்தது. அந்தத் தடையின் விலையைத்தான் இப்போது கட்டுகிறோம்.

கை மீறினால் தீயணைப்புச் செலவு தலையில் விழும் என்ற பயத்தில் தனியார் யாரும் முன்வரவில்லை. 2021-இன் எஸ்பி 332 அதை மாற்றியது. சான்று பெற்ற எரிப்பு நிபுணரோ பழங்குடி மரபறிந்தவரோ, அனுமதியும் திட்டமும் வைத்துச் செய்தால், மிகப் பெரிய அலட்சியம் இருந்தாலொழிய அந்தச் செலவை அரசு கேட்காது. அடுத்தவர் சொத்துக்கு நேரும் நஷ்டத்துக்காக 2022-இல் எஸ்பி 926 மூலம் 20 மில்லியன் டாலரில் தனி நிதி வந்தது. 2024-இன் எஸ்பி 310, மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் பழங்குடி அரசுகள் மாநில அனுமதிச் சீட்டு இல்லாமலே மரபு எரிப்பைச் செய்ய வழிவிட்டது. 2025-இல் கரூக் மக்கள் முதலாவதாக அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

எங்க ஊரைச் சுத்தி ஃபெடரல் காடு. மாநிலச் சட்டம் அங்க செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. கலிபோர்னியாவின் காட்டில் 57 சதவீதம் அளவுக்கு மத்திய அரசினுடையது, மாநிலத்துக்குச் சொந்தம் 3 சதவீதம்தான். மத்திய வனத்துறை இந்தப் புதரை வெட்டவில்லை, இந்தத் தீயை உடனே அணைக்கவில்லை என்று வழக்கு போட்டால், அது அதிகாரிகளின் கொள்கை முடிவு என்று தள்ளுபடி ஆகவே வாய்ப்பு அதிகம். 2022-இல் நியூ மெக்சிகோவில் வனத்துறையே வைத்த எரிப்புகள் கை மீறி 3.4 லட்சம் ஏக்கர் எரிந்தபோது, நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் ஈடு கொடுக்க வேண்டி வந்தது.

வழக்கு போட எவ்வளவு நாள் இருக்கு?

கலிபோர்னியாவில் சொத்து நஷ்டத்துக்குப் பொதுவாக 3 வருடம், காயத்துக்கும் உயிரிழப்புக்கும் 2 வருடம். நகராட்சி போன்ற அரசு அமைப்பு என்றால் காயத்துக்கும் சாமான் நஷ்டத்துக்கும் 6 மாதத்துக்குள் முதலில் அந்த அமைப்பிடமே எழுத்தில் கோர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த 6 மாதத்தில்தான்.

டெக்சாஸ், ஆரிகன்ல இருக்குற எங்களுக்கும் இதே சட்டமா?

இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் மின் கம்பெனியின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆரிகனில் 2020 தொழிலாளர் தினத் தீக்களுக்காக பசிஃபிகார்ப் கம்பெனி பெரும் அலட்சியம் செய்தது என்று 2023-இல் ஜூரி முடிவு செய்ததும், பல மேற்கு மாநிலங்கள் கம்பெனிகளுக்குக் கவசம் போடத் தொடங்கின. 2025-இல் மட்டும் ஐடஹோ, வயோமிங், மான்டானா மூன்றும் அப்படிச் சட்டம் இயற்றின. சாரம் ஒன்றுதான்: ஒப்புதல் பெற்ற தடுப்புத் திட்டப்படி நடந்தால் கம்பெனி கவனமாக இருந்ததாகக் கருதப்படும். சான்றிதழ் பற்றி மேலே சொன்ன குறை இங்கே இன்னும் கூர்மையாகிறது. கலிபோர்னியாவில் அந்தக் காகிதம் தீர்மானிப்பது ஃபண்டுக்கு யார் திருப்பிக் கட்டுவது என்பதை. இந்த மாநிலங்களில் அது தீர்மானிப்பது வீட்டை இழந்தவருக்கு ஈடு கிடைக்குமா என்பதையே. உங்கள் மாநிலத்தில் இப்படி மசோதா வந்தால், திட்டப்படி களத்தில் வேலை நடந்ததா என்று யார் போய்ப் பார்ப்பார்கள் என்று உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள்.

ஆரிகனில் இன்னொன்றும் நடந்தது. 2021-இல் எஸ்பி 762 வழியாக வீடுவாரியாகத் தீ அபாய வரைபடம் கொண்டுவந்தார்கள். காப்பீடு ஏறிவிடும், வீட்டு விலை இறங்கிவிடும் என்று எதிர்ப்பு கிளம்பி, 2025-இல் வரைபடத்தையும் அதோடு கட்டியிருந்த கட்டாய விதிகளையும் ரத்து செய்துவிட்டார்கள். அங்கே இருப்பவர்கள் 5 அடி, காற்றுத்துளை வலை பற்றி மேலே எழுதியதை, கட்டாயம் இல்லாவிட்டாலும், அப்படியே செய்யலாம்.